பெரிய அலாய் வீல் போட்டா மைலேஜ் கூடுமா?

ஓசூரில் இருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்கு தினமும் காரில் போய் வருபவரா? அத்திப்பள்ளியில் ஊர்ந்து போகும்போதே பெட்ரோல் முள் இறங்கும். 'பெரிய அலாய் போடுங்க, மைலேஜும் கூடும்' என்று யாராவது சொன்னால் கொஞ்சம் யோசிங்க.

அளவு கூடினால் பெரும்பாலும் எடையும் கூடும், டயரும் அகலமாகும். நின்று நின்று கிளம்பும் டிராஃபிக்கில் அந்த எடையை ஒவ்வொரு முறையும் உருட்ட இன்ஜின்தான் கூடுதலாக உழைக்கணும். இன்னொரு குழப்பமும் இருக்கு. 165/80 ஆர்14 இருந்த இடத்தில் 195/60 ஆர்16 போட்டால் சக்கரத்தின் விட்டம் 3 சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. 100 கி.மீ. ஓடினால் மீட்டர் சுமார் 97 தான் காட்டும். மைலேஜ் கணக்கே தப்பாகிவிடும்!

அப்போ என்ன பார்த்து வாங்குவது? கம்பெனி கொடுத்த அளவிலேயே, உருளும்போது இழுவை குறைவான டயர். மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு (பிஇஇ) தரும் ஸ்டார் லேபிள் இதற்கு உதவும். ஆனால் ஸ்டாரை மட்டும் பார்க்காதீங்க. மழையில் கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் பிரேக் போடும்போது ஈரப்பிடிப்புதான் உயிரைக் காக்கும்.

செலவே இல்லாத வழி, காற்று. நாலு டயரிலும் 1 பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜ் சுமார் 0.2 சதவீதம் குறையும் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் சூடாகாதபோது பாருங்க. எவ்வளவு காற்று என்பது டிரைவர் கதவோர ஸ்டிக்கரில் இருக்கும். டயரின் பக்கவாட்டில் இருப்பது அதிகபட்ச அளவு, அதுவரை அடிக்கக் கூடாது.