பூசணிப் பிஞ்சும் வேலிக் கதியாலும்

பூசணிக்கொடி வளவு முழுவதும் படர்ந்திருக்கும். பூவும் நிறையப் பூக்கும். ஆனால் பிஞ்சுகள் சிறிதாயிருக்கும்போதே மஞ்சளாகி, வெம்பி விழுந்துவிடும். மண் பிழை என்பர் சிலர், கண்ணூறு என்பர் வேறு சிலர். தண்ணீர்க் குறைவும் பழ ஈயும் காரணமாகலாம். எனினும் பல வளவுகளில் நடந்திருப்பது வேறு: தேனீ வரவில்லை.

பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூவின் அடியில் பிஞ்சு முன்னரே இருக்கும். ஆண் பூவின் மகரந்தம் வந்து சேர்ந்தால்தான் அது காயாகும். அந்த மகரந்தம் பாரமானது, ஒட்டுந் தன்மையுள்ளது, காற்றில் பறவாது. பூவும் விடியலில் விரிந்து நண்பகலுக்குள் வாடிவிடும். அந்தச் சில மணி நேரத்துக்குள் தேனீ ஒன்று அதைக் கொண்டுபோக வேண்டும். புடலைப் பூ மாலையில் விரிவதால் அதற்கு அந்துப்பூச்சி வேண்டும். கத்தரியில் மகரந்தப் பையின் நுனியில் சிறு துளை மாத்திரமே உண்டு. காற்று அசைத்தால் ஓரளவு கொட்டும். மரத்தைத் துளைத்துக் கூடு வைக்கும் பெரிய கருவண்டு பூவைப் பற்றி அதிரவைத்தால் நன்றாகக் கொட்டும். முருங்கைப் பூவுக்கும் இக்கருவண்டு உதவுகின்றது. வீட்டு வளையில் துளை போடுகிறதென்று நாம் அடித்துக் கொல்வது இதைத்தான்!

இவை எங்கே வாழ்கின்றன? எமது பழைய வேலியில்தான். கிளுவை, பூவரசு, முள்முருக்கு, இடையிடையே ஆடாதோடை, நொச்சி. ஆட்டுக்குக் குழையும் தோட்டத்துக்குப் பசளையும் வேண்டி எம் முன்னோர் அவ்வாறு வேலி அடைத்தனர். ஒன்று பூத்து ஓய மற்றொன்று பூத்ததால் தேனீக்குப் பல மாதங்கள் உணவு கிடைத்தது. பட்ட கதியாலில் கருவண்டு கூடு வைத்தது. கொத்தாத வேலியோர மண்ணில் வேறு வகைக் காட்டுத் தேனீக்கள் குழி தோண்டி முட்டையிட்டன. மதிலில் இவற்றுக்கு இடமில்லை. வெளிநாட்டுப் பணத்தில் மதில் எழும்பும்போது இதை ஒருவரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

போர் அழித்த வேலிகள் இன்னொரு கதை. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் எங்கணுமிருந்தும் பெயர்ந்தவர்களில் பலர் வடமராட்சிக்கு வந்தனர். 2015 இன் பின்னர் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்ட காணிகளுக்குத் திரும்பிய பலருக்குத் தமது எல்லையையே அடையாளங் காண்பது சிரமமாயிருந்தது.

பிறர் வளவில் குடியிருப்பவர் பலாவோ இலுப்பையோ நட யோசிப்பது நியாயமே. பயன் கிடைக்குமுன் எழும்பச் சொல்லிவிடலாம். ஆனால் கதியால் அப்படியல்ல. கரவெட்டியில் காணிக்காரருக்கு வேலி கிடைக்கும், உங்கள் தோட்டத்துக்குத் தேனீ கிடைக்கும். சொந்த ஊருக்குப் போகும் நாளில் வேலியைத் தூக்கிச் செல்ல முடியாது, அதிலிருந்து கதியால் வெட்டிச் செல்லலாம். அயலவர் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து எல்லை வேலியை அடைத்தால் பூக்கள் ஒரு வளவோடு நில்லாது ஒழுங்கை முழுவதும் தொடரும். தேனீ காணி எல்லை பார்ப்பதில்லை.

வேலி பூக்கும்வரை கையாலும் காய்க்கச் செய்யலாம். காலையில் ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்து, பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். ஓர் ஆண் பூ இரண்டு மூன்று பெண் பூவுக்குப் போதும். சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் பேரிக்காய்த் தோட்டக்காரர் மரத்தில் ஏறி, பூப் பூவாக இவ்வேலையைச் செய்கின்றனர். எமக்கு அந்த நிலை வரவேண்டியதில்லை. மிளகாய்க்கோ வெங்காயத்துக்கோ மருந்து அடிக்க வேண்டியிருந்தால் விடியலில் அடிக்காதீர்கள். தேனீக்கள் கூட்டுக்குத் திரும்பிய பின், பொழுதுபடும் நேரத்தில் அடியுங்கள். பூத்து நிற்கும் தும்பையையும் துளசியையும் களையென்று முழுவதும் செருக்கிவிடாமல், வேலியோரம் ஒரு முழ அகலத்துக்கு விட்டுவையுங்கள்.

கதியால் நடுவதற்கு ஐப்பசி, கார்த்திகை மழை ஏற்றது. வடக்கு மாகாண சபை 2014 இல் நவம்பரை மரநடுகை மாதமாக்கியதும் இம்மழையைக் கருதியே. முற்றிய, நேரான கொப்பாகப் பார்த்து வெட்டுங்கள். வெட்டுவாய் காயும்வரை சில நாட்கள் நிழலில் சாத்திவைத்து, பட்டை உரியாமல் குழி கிண்டி நட்டு, அடிமண்ணை நன்றாக இறுக்கிவிடுங்கள். துளிர் விட்டபின் முதல் ஆண்டு குழை வெட்டவேண்டாம். ஆடு கடிக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.