நன்றாகத் தோற்கத் தெரிந்த கருவி

சட்டைப்பையில் அடங்கும் செஸ் கருவி ஒன்றை வாங்கப் போகிறவர் கடைக்காரரிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: எவ்வளவு பலமாக ஆடும்? 1980களில் அது நியாயமான கேள்வி. அன்றைய கையடக்கக் கருவிகளில் பலவற்றை, ஒழுங்காக மன்றத்துக்குப் போய் ஆடும் ஒருவர் பெரிய சிரமமில்லாமல் வென்றுவிடுவார். கொஞ்சம் பலம் கூடிய மாடலைத் தேடுவதில் அர்த்தம் இருந்தது. இப்போது கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்தக் கருவி எப்படித் தோற்கும் என்று கேட்க வேண்டும்.

பலத்தைப் பற்றிய கணக்கு எப்போதோ தீர்ந்துவிட்டது. 1997 மே மாதம் நியூயார்க்கில் அன்றைய உலகச் சாம்பியன் காஸ்பரோவை 3.5–2.5 என்று வீழ்த்திய ஐபிஎம்மின் டீப் ப்ளூ, ஆளுயர அலமாரிகளை நிறைத்துக்கொண்டு நின்ற கம்ப்யூட்டர். நொடிக்குச் சுமார் 20 கோடி நிலைகளை அலசியது. பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2009 ஆகஸ்டில், பியூனஸ் அயர்ஸில் நடந்த கோபா மெர்கோசூர் போட்டியில் பாக்கெட் ஃப்ரிட்ஸ் 4 என்ற மென்பொருள் ஒரு எச்டிசி செல்போனில் ஓடியபடி மனிதர்களோடு மோதியது. பத்து ஆட்டத்தில் ஒன்பது வெற்றி, ஒரு டிரா. அந்தப் போட்டியில் அது காட்டிய ஆட்டத்தின் தரம் ரேட்டிங் கணக்கில் 2898. 2014-இல் அன்றைய உலகச் சாம்பியன் மேக்னஸ் கார்ல்சன் தொட்ட உச்சமே 2882தான். ஒரே போட்டியின் கணக்கையும் பல போட்டிகளில் நிலைநாட்டிய ரேட்டிங்கையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது என்பது உண்மை. ஆனாலும் இதில் கவனிக்க வேண்டியது அந்த செல்போனின் வேகம்: நொடிக்கு 20,000 நிலைகள்கூட இல்லை. டீப் ப்ளூவின் வேகத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. எந்த நடையைப் பார்க்காமலே தள்ளிவிடலாம், ஒரு நிலையை எப்படி எடைபோடலாம் என்று நிரல் எழுதுகிறவர்கள் இடைப்பட்ட ஆண்டுகளில் கற்றுக்கொண்டதுதான் அந்த வித்தியாசத்தை ஈடுகட்டியது. எனவே அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் பிராசஸர் வேகத்தைப் படித்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

செல்போனின் பலத்துக்கு இன்னொரு சாட்சியும் உண்டு, கொஞ்சம் அசிங்கமானது. 2015 துபாய் ஓபனில் ஜார்ஜிய நாட்டு கிராண்ட்மாஸ்டர் காயோஸ் நிகாலிட்சே, கழிப்பறையில் ஒளித்து வைத்திருந்த செல்போனைப் பார்த்துவிட்டு வந்து ஆடியதாகப் பிடிபட்டார். பின்னர் கிராண்ட்மாஸ்டர் பட்டமும் பறிபோனது. ஒரு கிராண்ட்மாஸ்டரே திருட்டுத்தனமாக உதவி கேட்கும் அளவுக்குப் பாக்கெட்டில் இருக்கும் பொருள் வளர்ந்துவிட்டது. 2008-இல் தொடங்கிய ஸ்டாக்ஃபிஷ் என்ற இலவச செஸ் எஞ்சின் இன்று எந்த மலிவு விலை செல்போனிலும் ஓடும்; உலகச் சாம்பியனுக்கும் அதனிடம் கதி கிடையாது.

சாதாரண ஆட்டக்காரருக்கு இதன் விளைவு என்ன? ரேட்டிங்கில் 400 புள்ளி வித்தியாசம் இருந்தால், குறைந்தவர் பதினொரு ஆட்டத்துக்கு ஒரு புள்ளி எடுப்பார் என்பது ரேட்டிங்கைக் கணக்கிடும் ஏலோ முறையின் கணக்கு. 1400, 1500 என்று ஆடும் ஒருவருக்கும் முழுப் பலத்தோடு ஆடும் எஞ்சினுக்கும் இடையே இருப்பது ஆயிரத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள். அந்த ஆட்டத்தில் ஆடுவதற்கே ஒன்றுமில்லை. ஆகவே வாங்கியவர் எல்லோரும் பலத்தைக் குறைத்து வைத்துத்தான் ஆடப் போகிறார்கள். காசு கொடுத்து வாங்குவது உண்மையில் அந்தக் குறைந்த லெவல்களைத்தான். அட்டைப்பெட்டியோ விளம்பரமோ அவற்றைப் பற்றி வாயே திறப்பதில்லை.

பலத்தைக் குறைக்க எளிய வழி, இடையிடையே வேண்டுமென்றே தப்பாக ஆட வைப்பது. ஸ்டாக்ஃபிஷில் 0 முதல் 20 வரை இருக்கும் திறன் அளவு, நல்ல நடைகள் சிலவற்றைக் கண்டுபிடித்து வைத்துக்கொண்டு, குலுக்கிப் போட்டு அவற்றில் மட்டமான ஒன்றை எடுக்க இடம் கொடுக்கிறது. பல ஆப்கள் இதைவிட முரட்டுத்தனமானவை. முதல் பதினைந்து நடை புத்தகத்தில் இருப்பது போலவே வரும். பதினாறாவதில் ராணியைக் கொண்டுவந்து உங்கள் சிப்பாயின் வாயில் வைக்கும். நீங்கள் வெட்டியதும், அடுத்த இருபது நடைக்கு கிராண்ட்மாஸ்டர் போலத் தற்காத்து ஆடும். மனிதர் அப்படித் தவறுவதில்லை. பின்னோக்கி வரும் பிஷப்பைக் கவனிக்காமல் விடுவார், ஒரே குதிரை ராஜாவையும் யானையையும் சேர்த்துத் தாக்குவதைத் தாமதமாகப் பார்ப்பார், ஜெயித்துவிட்டோம் என்ற மிதப்பில் அசந்துபோவார். அந்தத் தவறுகளுக்குக் காரணம் இருப்பதால் அவற்றுக்கு வலை விரிக்கலாம். குலுக்கலில் விழும் தவறுக்கு வலை விரிக்க முடியாது, காத்திருக்கத்தான் முடியும். தினமும் அப்படிக் காத்திருந்து பழகுகிற சிறுவன் மன்றத்தில் போய் உட்கார்ந்தாலும் அதே பழக்கத்தோடுதான் உட்காருவான்.

பழைய கருவிகளிடம் இந்தக் குறை குறைவு என்பது வேடிக்கையான உண்மை. எட்டு பிட் சில்லு, சில கிலோபைட் நினைவகம். அதை வைத்துக்கொண்டு சில நடைகள் தூரம்தான் பார்க்க முடியும். அதற்குள் வரும் எதையும் கோட்டை விடாது. ஓசியில் காய் கொடுக்காது. அதற்கு அப்பால் அதற்கு ஒன்றும் தெரியாது. தன் ராஜாவைச் சுற்றி நீங்கள் மெல்ல ஆள் சேர்ப்பதைப் பார்த்துக்கொண்டே ஓரச் சிப்பாயைத் தள்ளும். வரப்போகும் நஷ்டம் கடைசியில் கண்ணில் பட்டதும், அதை இரண்டு நடை ஒத்திப்போடுவதற்காக இன்னொரு சிப்பாயை வீணாகக் கொடுக்கும். கணினி அறிவியலாளர் ஹான்ஸ் பெர்லினர் 1970களிலேயே இதைத் தொடுவானக் குறை என்ற பொருளில் பெயரிட்டு விளக்கினார். அறிவியலாளருக்கு அது குறை. எதிரே உட்கார்ந்து ஆடுகிறவருக்கு அது எதிராளியின் குணம். பொறுமையாகத் திட்டமிட்டால் ஜெயிக்கலாம், அவசரப்பட்டால் அடி விழும். கற்றுக்கொள்கிறவருக்கு இதைவிட நல்ல எதிராளி அமைவது கஷ்டம்.

அதற்காக எல்லோரும் பழைய கருவியைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஆப்பின் அமைப்புகளுக்குள் போய், எத்தனை நடை ஆழம் பார்க்க வேண்டும் என்று வரையறுக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், கையிலுள்ள செல்போனையே ஏறக்குறைய அந்தக் குணத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். இன்னொரு வழி மையா. டொரண்டோ, கார்னெல் பல்கலைக்கழகங்களும் மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவும் சேர்ந்து 2020-இல் வெளியிட்ட இந்த எஞ்சின், லீசெஸ் என்ற இணையச் செஸ் தளத்தில் மனிதர்கள் ஆடிய ஆட்டங்களிலிருந்து கற்றது. சிறந்த நடை எது என்று அது தேடுவதே இல்லை. இந்த ரேட்டிங்கில் இருப்பவர் இங்கே என்ன ஆடுவார் என்று ஊகிக்கிறது. ஏறக்குறைய பாதி நடைகளை அது சரியாகச் சொல்லிவிடுகிறது. 1100 முதல் 1900 வரை ஒன்பது படிகள்; தவறுகூட மனிதத் தவறாகவே வரும். லீசெஸில் அதோடு ஆட இணையம் வேண்டும் என்பதுதான் தொல்லை.

பலமான எஞ்சின்தானே அதிகம் கற்றுத்தரும் என்பார்கள். ஆடி முடித்த ஆட்டத்தில் எங்கே கோட்டை விட்டோம் என்று பார்க்க அது தேவைதான். ஆனால் எதிராளி வேறு, திருத்துகிறவர் வேறு. திருத்தும் வேலைகூட எவ்வளவு சீக்கிரம் எஞ்சின் கைக்குப் போக வேண்டும் என்பதில் நல்ல பயிற்சியாளர்கள் கறாராகத்தான் இருக்கிறார்கள். 2024-இல் உலகச் சாம்பியனான சென்னையின் குகேஷை, அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா ஆரம்ப ஆண்டுகளில் எஞ்சின் பக்கமே விடாமல் வளர்த்தார். கையடக்கக் கருவி எதற்கு, இணையத்தில் மனிதரோடே ஆடலாமே என்பது அடுத்த கேள்வி. ஆடலாம். ஆனால் அங்கே கடிகாரம் ஓடும், ரேட்டிங் ஏறி இறங்கும், மருத்துவமனை வரிசையில் உங்கள் டோக்கனை அழைக்கும்போது பாதியில் எழுந்து போக முடியாது. கருவி நாள் முழுக்கக் காத்திருக்கும்.

செல்போன் வேண்டாம் என்று தனிக் கருவிக்குப் போவதற்கு உருப்படியான காரணம் ஒன்றுதான்: அதில் வாட்ஸ்அப் வராது. வீட்டில் பத்து வயதுப் பிள்ளை இருந்தால் அந்த ஒரு காரணமே போதும். தனிக் கருவிகளில் இரண்டு ஜாதி. ஒன்றில் பலகையே எல்சிடி திரையாக இருக்கும். காய்கள் சின்னஞ்சிறு நிழலுருவங்கள். சாய்வாகப் பார்த்தால் மந்தமாகிவிடும், பிஷப்பும் சிப்பாயும் ஒன்றுபோலத் தெரியும். வயதானவருக்கு இதை வாங்கித் தராதீர்கள். மற்றதில் துளையில் செருகும் காய்கள். காயை எடுக்கும் கட்டத்திலும் வைக்கும் கட்டத்திலும் அழுத்த வேண்டும், பலகையின் விளிம்பில் எரியும் சிறு விளக்குகள் கருவியின் பதில் நடையைக் காட்டும். கண்ணுக்கு இதமானது, ஆனால் பஸ்ஸில் ஒரு சிப்பாய் சீட்டுக்கடியில் உருண்டால் தேட வேண்டியதுதான்.

கடையில் ஐந்து நிமிடம் கிடைத்தால் போதும். மிகக் குறைந்த லெவலில் வைத்து, உங்கள் ராணியை ஓசியில் கொடுத்துப் பாருங்கள். எடுக்காமல் விட்டால் கருவியைத் திரும்ப வைத்துவிடலாம். நடையைத் திரும்பப் பெற முடிகிறதா, அணைத்துவிட்டுப் போட்டால் ஆட்டம் அப்படியே நிற்கிறதா, கடைசிக் கட்டத்துக்குப் போன சிப்பாயை ராணிக்குப் பதில் குதிரையாக மாற்ற விடுகிறதா என்று பாருங்கள். பழைய கருவி என்றால் பேட்டரி மூடியைக் கழற்றி உள்ளே பச்சை பூத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் குறைந்த ஆழத்தில் பூட்டி வைத்துப் பத்து ஆட்டம் ஆடலாம். நான்கைந்து கைக்கு வந்தால் அந்த ஆழம் உங்களுக்குச் சரி; ஏழெட்டு வந்தால் ஒரு படி கூட்டுங்கள்.