கல்லீரலுக்குக் காவல் கீழாநெல்லியா?

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் காரியாபட்டி, அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பகுதிகளின் வயல் வரப்புகளில் கீழாநெல்லி தழைத்து நிற்பதைக் காணலாம். இலைகளின் கீழ்ப்புறம் நெல்லிக்காய் போன்ற சிறு காய்கள் வரிசையாகத் தொங்குவதால் இப்பெயர் பெற்றது. மஞ்சள் காமாலைக்கு இதனை அரைத்து மோரில் கலந்து கொடுப்பது நெடுநாளைய வழக்கம். அதனால், இரவில் மது அருந்தினாலும் காலையில் கீழாநெல்லி உண்டால் கல்லீரல் கெடாது என எண்ணுவோரும் உண்டு. இஃது உண்மையா?

குடித்த மதுவின் பெரும்பகுதியைச் சிதைக்கும் பொறுப்பு கல்லீரல் செல்களுடையது. அங்குள்ள நொதிகள் ஆல்ககாலை முதலில் அசெட்டால்டிஹைடாக மாற்றுகின்றன. இது ஆல்ககாலைவிடக் கொடிய நச்சு. செல்லின் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு அவற்றின் வேலையைக் கெடுக்கிறது. நாள்தோறும் குடிப்பவரிடம் மற்றொரு நொதியும் மிகுதியாகச் சுரந்து, செல்லை அரிக்கும் ஆக்சிஜன் துணுக்குகளைப் பெருக்குகிறது. அவற்றைத் தடுக்கும் குளுட்டாதயோன் என்னும் பொருளோ குறைந்துகொண்டே போகிறது. முதலில் செல்களில் கொழுப்பு சேர்கிறது, பின்னர் அழற்சி, இறுதியில் நார்த்திசு படர்ந்து கல்லீரல் இறுகிச் சுருங்குகிறது. இதுவே 'சிர்ரோசிஸ்'.

கீழாநெல்லியைச் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்தனர். 1988இல் வெளியான அம்முடிவின்படி, இச்செடியை உண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்திலிருந்து 'ஹெப்படைடிஸ் பி' வைரசின் அடையாளப் புரதம் மறைந்தது. ஆனால் பின்னர் பிற இடங்களில் நடந்த சோதனைகள் இதனை உறுதி செய்யவில்லை. மேலும், அச்சோதனை வைரசைப் பற்றியது, மதுவைப் பற்றியதன்று.

ஐரோப்பிய முட்செடி ஒன்றின் விதையிலிருந்து பெறும் சிலிமாரினின் கதையும் இதுவே. 1989இல் வியன்னாவில் நடந்த சோதனை நம்பிக்கையூட்டியது. ஆனால், மதுவால் சிர்ரோசிஸ் அடைந்த 200 பேரிடம் ஸ்பெயினில் நடந்து 1998இல் வெளியான சோதனையில், அம்மருந்து உண்டவரின் ஆயுள் கூடவில்லை.

காரணம் எளிது. நச்சு நாள்தோறும் வந்துகொண்டிருக்க, எந்த மருந்தும் செல்லைக் காத்து நிற்பது அரிது. நச்சை நிறுத்தினாலோ, செல் தன்னைத்தானே சீர்செய்துகொள்ளும். கொழுப்பு சேர்ந்த நிலையிலேயே குடியை விட்டால், பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் அக்கொழுப்பு கரைந்துவிடும். சிர்ரோசிஸ் வந்த பின்னும், குடியை விட்டவர் விடாதவரைவிட நெடுநாள் வாழ்கின்றனர்.

இரண்டு எச்சரிக்கைகள் தேவை. நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே மருத்துவரின் மேற்பார்வையில் நிறுத்துவதே நலம். குடிப்பழக்கம் உள்ளவர் காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் தாமாகவே பாரசிட்டமால் மாத்திரைகளை விழுங்குவதும் தீது; குளுட்டாதயோன் குறைந்த கல்லீரலுக்கு அதன் நச்சைத் தாங்கும் வலு குறைவு.

வரப்பில் முளைக்கும் செடியைப் பழிக்க வேண்டியதில்லை. ஆனால் அதனைக் காட்டிக் குடியைத் தொடர்வது, கூரையில் தீ எரியும்போதே புது ஓலை வேய்வதற்கு ஒப்பாகும்.