படகு பேட்டரி கேபிள்களில் லக் பொருத்துதல்

படகின் பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டர் மோட்டார், இன்வெர்ட்டர் போன்றவற்றுக்குச் செல்லும் தடித்த கேபிள்களின் முனையில், லக் எனப்படும் செப்புக் குழாய் முனையைச் செருகி, கருவியால் அழுத்தி இறுக்கும் முறை கிரிம்பிங் எனப்படும்.

டீசல் எஞ்சினைச் சுழற்றும்போது 12 வோல்ட் ஸ்டார்ட்டர் மோட்டார் சில நூறு ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். ஓர் இணைப்பில் 1 மில்லியோம் மின்தடை இருந்தாலே, 200 ஆம்பியரில் அங்கு 0.2 வோல்ட் வீணாகும். 40 வாட் வெப்பமும் உண்டாகும். நேர், எதிர் கேபிள்களின் நான்கு முனைகளும் இப்படியிருந்தால் இழப்பு 0.8 வோல்ட். பேட்டரி நல்ல நிலையில் இருந்தும் எஞ்சின் திணறுவதற்கு இது ஒரு காரணம். பழுது லக்கில் இருக்க, புதுப் பேட்டரி வாங்குவோரும் உண்டு. கரையிலிருந்து தொலைவில் எஞ்சின் கிளம்பாமல் போவது ஆபத்து; சூடேறிய முனை தீவிபத்துக்கும் வழிவகுக்கும்.

சரியாக அழுத்தப்பட்ட லக்கைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால், மெல்லிய கம்பி இழைகள் இடைவெளியின்றி நெருங்கி, ஒரே செப்புத் துண்டு போலத் தெரியும். இடைவெளி இருந்தால் உப்பு ஈரம் நுண்புழை விளைவால் இழைகளுக்குள் ஏறி, செம்பைக் கருக்கவும் பச்சையாக்கவும் செய்யும். இதனால்தான் படகுகளுக்கு வெள்ளீயம் பூசிய, பல மெல்லிய இழைகள் கொண்ட கேபிளே ஏற்றது.

லக், கேபிள், கருவியின் அச்சு மூன்றும் ஒரே அளவில் இருக்க வேண்டும். லக்கில் 70-10 என்றிருந்தால், அது 70 சதுர மில்லிமீட்டர் கேபிளுக்கும் 10 மி.மீ. போல்ட்டுக்கும் உரியது. இழைகள் வெட்டுப்படாதவாறு, லக் குழாயின் ஆழத்துக்கு மட்டும் கேபிளின் மேலுறையை நீக்க வேண்டும். பசை பூசிய வெப்பச்சுருக்கக் குழாயை முதலிலேயே கேபிளில் மாட்டிவிடுவது அவசியம். இரு முனைகளிலும் லக் ஏறிய பின் அதை நுழைக்க இயலாது. பிறகு அறுகோண அச்சு கொண்ட ஹைட்ராலிக் கருவியால் அழுத்த வேண்டும். சுத்தியலால் அடிக்கும் மலிவான கருவியும் வேலை செய்யும். ஆனால் அழுத்தம் ஒவ்வொரு முறையும் மாறுபடும். இடுக்கியால் நசுக்குவது இந்தத் தடிமனுக்குப் பயன்படாது.

பற்றவைப்பு பற்றிய வாதம் பழையது. ஈயம்–வெள்ளீயக் கலவை ஏறத்தாழ 183 பாகை செல்சியசில் உருகத் தொடங்கும். பழுதான இணைப்பு சூடேறினால் அது இளகிவிடக்கூடும். உருகிய கலவை கேபிளுக்குள் ஊறி விறைப்பாக்குவதால், அந்த விறைப்பு முடியும் இடத்தில் எஞ்சின் அதிர்வு இழைகளை முறிக்கும். எனவே நல்ல கிரிம்பிங்கே போதுமானது.

பொருத்தும்போது லக் பேட்டரி முனையை நேரடியாகத் தொட வேண்டும். வாஷர் அதன் மேலேதான் வர வேண்டும், இடையில் அல்ல. கேபிளைக் கழற்றும்போது முதலில் எதிர்முனை, மாட்டும்போது கடைசியில் எதிர்முனை என்பதே வழக்கம்.

எஞ்சினைச் சுழற்றும்போது, பேட்டரியின் நேர்முனைக்கும் ஸ்டார்ட்டரின் நேர்முனைக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்து மின்னழுத்த இழப்பை அளக்கலாம். 12 வோல்ட் அமைப்பில் அது அரை வோல்ட்டைத் தாண்டினால் இணைப்புகளைச் சோதிக்க வேண்டும். எஞ்சினை நிறுத்தியவுடன் தொட்டுப் பார்க்கையில் மற்றவற்றைவிடச் சூடாக இருக்கும் லக்கே பெரும்பாலும் பழுதானது.