இலண்டன்–பார்சிலோனா தொடர்வண்டிப் பயணம்

இலண்டனிலிருந்து எசுப்பானியாவின் பார்சிலோனா நகருக்கு நேரடித் தொடர்வண்டி இல்லை. பாரிசில் வண்டி மாறிச் செல்ல வேண்டும். இரண்டு அதிவேக வண்டிகளில் ஒரே நாளில் இப்பயணத்தை முடிக்கலாம். முதல் வண்டி தாமதமானால் இரண்டாவது வண்டி தவறிப்போகக்கூடும் என்பதால், பாரிசில் எவ்வளவு இடைவெளி விடுவது என்பதே திட்டமிடலில் முக்கியமானது.

வழித்தடம்

முதற்கட்டப் பயணம் யூரோசுடார் வண்டியில் அமைகிறது. இச்சேவை 1994 நவம்பரில் தொடங்கியது. இலண்டனின் செயின்ட் பாங்க்ராசு நிலையத்திலிருந்து புறப்பட்டு, சுமார் 50 கி.மீ. நீளமுள்ள கால்வாய்ச் சுரங்கத்தின் வழியாகப் பாரிசின் கார் டு நோர் நிலையத்தை ஏறத்தாழ 2 மணி 20 நிமிடத்தில் அடைகிறது.

இரண்டாம் கட்டத்தில் பாரிசின் கார் டு லியோன் நிலையத்திலிருந்து டிஜிவி வண்டி பார்சிலோனா சாண்ட்சு நிலையத்துக்குச் செல்கிறது. இதற்கு 7 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். இந்த நேரடிச் சேவை 2013 டிசம்பரில் தொடங்கியது. எசுப்பானியாவின் பழைய இருப்புப்பாதைகள் 1668 மி.மீ. அகலம் கொண்டவை; பிரான்சின் பாதைகள் 1435 மி.மீ. அகலமுள்ளவை. எசுப்பானியா தன் அதிவேகப் பாதைகளை 1435 மி.மீ. அகலத்தில் அமைத்ததாலேயே பிரெஞ்சு வண்டி எல்லையில் நிற்காமல் செல்ல முடிகிறது.

பாரிசில் நிலையம் மாறுதல்

இரு நிலையங்களும் நகரின் வெவ்வேறு பகுதிகளில் உள்ளன. ஆர்.இ.ஆர். டி புறநகர்த் தொடர்வண்டி இவற்றை நேரடியாக இணைக்கிறது. அதில் பயண நேரம் குறைவு என்றாலும் நடைமேடை மாறுதல், பயணச்சீட்டு வாங்குதல், மூட்டை முடிச்சுகளைத் தூக்கிச் செல்லுதல் ஆகியவற்றுக்கும் நேரம் ஒதுக்க வேண்டும். பிரான்சு நேரம் பிரித்தானிய நேரத்தைவிட 1 மணி நேரம் முந்தியது. காலை 9.30க்குப் புறப்படும் வண்டி 2 மணி 20 நிமிடம் ஓடினால், பாரிசுக் கடிகாரத்தில் மணி 12.50 ஆகியிருக்கும். அங்கிருந்து 2 மணி நேர இடைவெளி விடுவது பாதுகாப்பானது.

பயணச்சீட்டும் உரிமைகளும்

2023 சூன் முதல் நடைமுறையிலுள்ள ஐரோப்பிய ஒன்றிய விதிகளின்படி, வண்டி 60 முதல் 119 நிமிடம் வரை தாமதமானால் கட்டணத்தில் 25 விழுக்காடும், 120 நிமிடமோ அதற்கு மேலோ தாமதமானால் 50 விழுக்காடும் இழப்பீடாகக் கோரலாம். கடும் இயற்கைச் சீற்றம் போன்ற அசாதாரணச் சூழல்களுக்கு இது பொருந்தாது.

முழுப் பயணமும் ஒரே ஒப்பந்தத்தின் கீழ் இருந்தால், இறுதி நகரைச் சேரும் நேரத்தைக் கொண்டே தாமதம் கணக்கிடப்படும். தனித்தனிச் சீட்டுகள் என்றால் ஒவ்வொன்றும் தனிப் பயணமே. அப்போது முதல் வண்டியின் தாமதத்தால் இரண்டாவதைத் தவறவிட்டவர் புதிய சீட்டு வாங்க நேரிடலாம். ஒரே இணையதளத்தில் சேர்த்து வாங்கிய சீட்டுகளும் தனி ஒப்பந்தங்களாக இருக்கலாம் என்பதால், பணம் செலுத்துமுன் நிபந்தனைகளைப் படிப்பது அவசியம்.

முன்பதிவு

பாரிசு–பார்சிலோனா நேரடி வண்டிகள் நாளொன்றுக்குச் சிலவே. எனவே முதலில் அந்த வண்டியைத் தேர்ந்து, அதற்கேற்ப இலண்டன் வண்டியை முடிவு செய்வது எளிது. அன்றைய கடைசி வண்டியைத் தவிர்த்தால், தாமதம் ஏற்பட்டாலும் அன்றே தொடர்ந்து செல்ல வாய்ப்பு இருக்கும். ஐரோப்பியக் கால அட்டவணை ஆண்டுதோறும் டிசம்பர் நடுவில் மாறுவதால், அதற்குப் பிந்தைய நாட்களுக்குப் புதிய அட்டவணையையே பார்க்க வேண்டும்.

ஐரோப்பாவில் வசிப்போருக்கான இன்டர்ரெயில், பிறருக்கான யூரெயில் அனுமதிச்சீட்டுகள் இவ்வழியில் செல்லும். ஆனால் இரு வண்டிகளிலும் இருக்கை முன்பதிவு கட்டாயம். அதற்குத் தனிக் கட்டணமும் உண்டு.

பயண ஆவணங்கள்

பிரித்தானியா செங்கன் பகுதியில் இல்லை. பிரான்சும் எசுப்பானியாவும் உள்ளன. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டில் செல்வோருக்குப் பொதுவாகச் செங்கன் நுழைவிசைவு தேவை. பிரெஞ்சு எல்லைச் சோதனை இலண்டன் நிலையத்திலேயே நடைபெறுவதால், யூரோசுடார் குறிப்பிடும் நேரத்துக்கு முன்பே அங்குச் சென்றுவிட வேண்டும்.