பத்திரம் அறிந்தவர் துணை

துபாய் நகரின் பழைய பகுதிகளான தேராவிலும் பர் துபாயிலும் நடந்து செல்பவர், மளிகைக் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவே, ‘டைப்பிங் சென்டர்’ என்று அரபியிலும் ஆங்கிலத்திலும் பலகை தொங்கும் சிறிய அறைகள் பலவற்றைக் காணலாம். சர்க்காருக்குப் போகும் விண்ணப்பம் எதுவாயினும் அரபியில் தட்டச்சு செய்யப்பட்டிருக்க வேண்டும் என்ற நியதி இருந்த காலத்தில், அந்த மொழியை எழுத அறியாத வெளிநாட்டாருக்கு உபகாரமாகத் தோன்றியவை இவை. இன்று விண்ணப்பங்கள் கணினி வழியே போகின்றன. வதிவிட அநுமதி சம்பந்தமான காரியங்களுக்கு ‘ஆமர்’ என்றும், தொழிலாளர் சம்பந்தமான காரியங்களுக்கு ‘தஸ்ஹீல்’ என்றும் அரசாங்க அங்கீகாரம் பெற்ற சேவை மையங்களும் ஏற்பட்டுவிட்டன. ஆயினும், பாஸ்போர்ட்டையும் புகைப்படத்தையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் இட்டுக் கையில் பிடித்தபடி தம் முறைக்காகக் காத்திருக்கும் மனிதர்களின் வரிசை குறையவில்லை. மேஜைக்கு அப்பால் அமர்ந்து, அவர்களுடைய இரண்டாண்டுக் கால ஜீவனத்தைப் படிவத்தின் கட்டங்களில் நிரப்பிக் கொண்டிருப்பவரின் பொறுப்பும் குறையவில்லை. வைத்தியரையும் வக்கீலையும் எவ்விதம் மதித்து எவ்விதம் சட்டத்துக்கு உட்படுத்தி வைத்திருக்கிறோமோ, அவ்விதமே விசாக் காரியம் பார்ப்பவரையும் மதிக்க வேண்டும், சட்டத்துக்கு உட்படுத்தவும் வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

ஐக்கிய அரபு அமீரகத்தில் வாழ்வோரில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் வெளிநாட்டார். அங்கே ஒரு கட்டடத் தொழிலாளி காலெடுத்து வைப்பதற்கு முன்பே அவர் பேரில் ஒரு நீண்ட பத்திரப் பிரயாணம் நடந்து முடிந்திருக்கிறது. முதலாளி தம் நிறுவனத்துக்கு இத்தனை ஆட்கள் தேவை என்று காட்டி அநுமதி பெற வேண்டும். சம்பளம், வேலை நேரம், விடுமுறை, தங்குமிடம் முதலியவற்றைக் குறித்த வேலை வாக்குறுதிக் கடிதத்தைத் தொழிலாளிக்கு அனுப்பி அவருடைய கையொப்பத்தைப் பெற வேண்டும். அதன் பிறகே வேலை அநுமதியும் நுழைவு அநுமதியும் கிடைக்கும். வந்து இறங்கியதும் குறித்த நாட்களுக்குள் ரத்தப் பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே, கைரேகைப் பதிவு, அடையாள அட்டை, மருத்துவக் காப்பீடு, ஒப்பந்தப் பதிவு என்று ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேறியாக வேண்டும். முன்பெல்லாம் பாஸ்போர்ட்டின் ஒரு பக்கத்தை நிறைத்து ஒட்டப்படும் வண்ணச் சீட்டையே நம்மவர் ‘விசா அடிச்சாச்சு’ என்று ஊருக்குத் தெரிவித்து மகிழ்வார்கள். 2022-ஆம் ஆண்டிலே அந்தச் சீட்டு நின்றுபோய், 784 என்ற எண்ணில் தொடங்கும் அடையாள அட்டையே வதிவிட அநுமதியின் சாட்சியாகிவிட்டது.

இந்தப் பிரயாணத்தில் எந்த இடத்தில் ஒரு பிழை நேர்ந்தாலும் அதன் பலனை அநுபவிப்பவர் தொழிலாளியே. தமிழர்களுக்கென்றே ஏற்பட்ட ஒரு சங்கடத்தைச் சொல்கிறேன். நம்மவர்க்குப் பெரும்பாலும் குடும்பப் பெயர் என்று தனியே ஒன்று கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்தைத் தம் பெயருக்கு முன்னே இட்டுக் கொள்வதோடு சரி. பாஸ்போர்ட்டிலோ இயற்பெயருக்கு ஒரு கட்டமும் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டமும் உண்டு. பலர் இரண்டாவது கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். 2022 நவம்பரில், ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ள பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவிலோ சந்திப்பு விசாவிலோ வருபவரை அமீரகம் அநுமதிக்காது என்று விமானக் கம்பெனிகள் அறிவித்தபோது எழுந்த கலவரத்துக்கு இதுவே காரணம். பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள். பள்ளிச் சான்றிதழில் முதலெழுத்தோடு ஒரு பெயரும், பாஸ்போர்ட்டில் தந்தை பெயரை விரித்து எழுதிய ஒரு பெயரும், பட்டச் சான்றிதழில் வேறோர் எழுத்துக் கூட்டலில் ஒரு பெயருமாக வைத்துக் கொண்டிருப்பவர், அவை மூன்றும் தம்மையே குறிக்கின்றன என்று நிரூபிக்கப் பத்திரத்தின் மேல் பத்திரம் வாங்கி அலைய நேரிடுகிறது. நல்ல ஆலோசகர் விண்ணப்பத்தில் கை வைப்பதற்கு முன்னால் இந்த மூன்றையும் அருகருகே வைத்துப் பார்ப்பார்; விரைவில் முடித்துப் பணம் பெறுவதையே நோக்கமாகக் கொண்டவர் அப்படிப் பார்ப்பதில்லை.

முதலாளிக்கும் இந்தத் துணை இன்றியமையாதது. துபாயின் கராமாப் பகுதியில் தமிழ்ச் சாப்பாட்டுக் கடை நடத்தும் ஒருவரை நினைத்துக் கொள்ளுங்கள். அவருக்கு மாவரைப்பவர், தோசை போடுபவர், பரிமாறுபவர், பாத்திரம் கழுவுபவர் என்று பதினைந்து ஆட்கள் இருந்தால், பதினைந்து வேலை அநுமதிகளும், பதினைந்து அடையாள அட்டைகளும், பதினைந்து காப்பீடுகளும் வெவ்வேறு தேதிகளில் காலாவதியாகும். இவற்றோடு கடையின் வர்த்தக உரிமமும் நிறுவன அட்டையும் தத்தம் தேதிகளில் தீர்ந்துபோகும். 2009 முதல் நடைமுறையில் இருந்து வரும் சம்பளப் பாதுகாப்பு முறையின்படி வங்கி வழியே உரிய காலத்தில் சம்பளம் போகவில்லையென்றால், புதிய ஆளுக்கு அநுமதி கேட்கும் கதவு அடைபட்டுவிடும். தோசைக்கல்லின் முன் நிற்கும் மனிதர் இத்தனையையும் மனத்தில் வைத்திருக்க இயலாது. ஆகவேதான் ‘பி.ஆர்.ஓ.’ என்றும் ‘மந்தூப்’ என்றும் அழைக்கப்படும் காரியஸ்தர் ஒருவரை, பெரிய கம்பெனிகள் மாதச் சம்பளத்துக்கும் சிறிய கடைகள் ஆண்டுக் கட்டணத்துக்கும் அமர்த்திக் கொள்கின்றன. அவருடைய யோக்கியதை, தேதிகளை நினைவில் வைத்திருப்பதில் மட்டும் இல்லை. முறையற்ற காரியத்துக்கு ‘முடியாது’ என்று முதலாளியின் முகத்துக்கு நேரே சொல்வதில் இருக்கிறது. சந்திப்பு விசாவில் வந்த பையனை நாலு நாள் சமையலறையில் நிறுத்திப் பார்க்கலாமே என்று நினைக்கும் முதலாளிக்கு, அநுமதியின்றி ஆளை வேலைக்கு வைப்பவருக்கான அபராதம் 2024-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின் பிறகு ஒரு லட்சம் திர்ஹத்திலிருந்து பத்து லட்சம் திர்ஹம் வரை போகும் என்பதை எடுத்துச் சொல்லும் காரியஸ்தர், அந்தக் கடையையும் காக்கிறார், அந்தப் பையனையும் காக்கிறார்.

இனி நம் கரைக்கு வருவோம். கூலிக்கு ஆள் சேர்த்துக் கடல் கடத்தும் தொழிலின் சரித்திரம் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கும் கங்காணிகள் ஆள் சேர்த்தார்கள். இலங்கைத் தோட்டங்களில் ‘துண்டு’ என்றொரு சீட்டு வழக்கத்தில் இருந்தது. தொழிலாளி பட்ட கடனின் தொகை அதில் எழுதப்பட்டிருக்கும். அந்தத் தொகையைச் செலுத்தும் வேறொரு தோட்டத்துக்கு, கடனோடு சேர்ந்து ஆளும் கைமாறுவார். 1921-இல் அம்முறை ஒழிக்கப்பட்டது. மறு ஆண்டு இந்தியாவில் குடிபெயர்வுச் சட்டம் பிறந்தது. அதற்குப் பதிலாக வந்த 1983-ஆம் ஆண்டுச் சட்டமே இன்றளவும் நடைமுறையில் உள்ளது. ஒப்பந்தக் கூலிகள் கப்பலேறிய பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏற்பட்ட ‘குடிபெயர்வோர் பாதுகாவலர்’ என்ற பதவியும் சென்னையில் இன்னும் இருந்து வருகிறது.

இந்தச் சட்டத்தின் ஏற்பாடு, ஊன்றிப் படித்தால், மிகவும் கருணையோடு செய்யப்பட்டது என்பது விளங்கும். பத்தாம் வகுப்புத் தேறாதவருடைய பாஸ்போர்ட் பொதுவாகக் குடிபெயர்வு அநுமதி தேவைப்படும் வகையைச் சேர்ந்தது. அத்தகையவர் வளைகுடா நாடுகளும் மலேசியாவும் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக வேண்டுமானால், வேலை ஒப்பந்தத்தைப் பாதுகாவலர் பார்த்து அநுமதி அளிக்க வேண்டும். போகிறவர் பேரில் 10 லட்சம் ரூபாய்க்கான விபத்துக் காப்பீடு எடுக்கப்பட வேண்டும்; இரண்டு ஆண்டுக்கு அதன் கட்டணம் 275 ரூபாயே. ஆள் சேர்க்கும் முகவர் மத்திய அரசிடம் பதிவுச் சான்று பெற்றிருக்க வேண்டும். அதன் எண்ணைத் தம் அலுவலகத்திலும் விளம்பரத்திலும் தெரியும்படி போட வேண்டும். தொழிலாளியிடம் அவர் பெறத்தக்க சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதன்மேல் ஜி.எஸ்.டி. வரியும் மட்டுமே, அதற்கும் ரசீது கொடுக்க வேண்டும். தமிழ்நாடு அரசும் 1978-ஆம் ஆண்டிலேயே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றை ஏற்படுத்திச் செவிலியரையும் தொழிலாளரையும் தானே நேரடியாக அனுப்பி வருகிறது. இத்தனையும் இருக்க, கிராமத்தில் மச்சான் முறையாகும் ஒருவர் மூலம், அவருக்குத் தெரிந்த இன்னொருவரிடம், மனைவியின் தாலிக்கொடியை அடகு வைத்து லட்சக் கணக்கில் பணம் கட்டுபவர்களைப் பார்க்கும்போது நெஞ்சு பதறுகிறது. பதிவு பெற்ற முகவருக்கும் கிராமத்துக்கும் நடுவே நிற்கும் இந்த உப முகவருக்குச் சட்டத்தில் இடமே கிடையாது. ஆனால் தொழிலாளி தம் கண்ணால் காணும் ஒரே முகம் அவருடையதாகவே இருக்கிறது.

உப முகவர் காட்டும் குறுக்கு வழிகளில் முதன்மையானது சந்திப்பு விசா. ‘முதலில் போய்விடு தம்பி, அங்கே போனதும் வேலை விசாவாக மாற்றிக் கொள்ளலாம்’ என்பார். அமீரகத்தில் உள்ளிருந்தபடியே விசா நிலையை மாற்றிக் கொள்ள வழியுண்டு என்பது மெய்தான். அதனாலேயே இந்தச் சொல் நம்பத்தக்கதாகத் தோன்றுகிறது. ஆனால் அப்படிப் போகிறவருடைய ஒப்பந்தத்தைப் பாதுகாவலர் பார்ப்பதில்லை, காப்பீடும் இல்லை, வேலை அமையாமல் நாள் கடந்துவிட்டால் நாளொன்றுக்கு 50 திர்ஹம் வீதம் அபராதம் ஏறிக் கொண்டே போகும். மற்றொரு வழி, ‘ப்ரீ விசா’ எனப்படுவது. பெயரளவில் ஒரு முதலாளி விசா எடுத்துக் கொடுத்து அதற்கு விலை பெற்றுக் கொள்வார். வந்தவர் வேறெங்காவது வேலை தேடிக் கொள்ள வேண்டும். பிடிபட்டால் சட்டத்தின் முன் நிற்பவர் தொழிலாளி; விலை பெற்றவர் அவர் வேலைக்கு வராமல் ஓடிவிட்டார் என்று புகார் எழுதிக் கொடுத்து ஒதுங்கிக் கொள்ளவும் கூடும். பழைய துண்டுச் சீட்டுக்கும் இதற்கும் நான் பெரிய பேதம் காணவில்லை. இரண்டிலும் மனிதன் தன் உழைப்பைத் தொடங்கும் முன்னரே கடனாளியாகிறான்.

யார் பணம் கொடுக்கிறார் என்பதே இந்தத் தொழிலின் உயிர்நாடி. அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஆள் சேர்ப்பதற்கான செலவை நேரடியாகவோ மறைமுகமாகவோ தொழிலாளியிடம் வசூலிக்கலாகாது என்றும், அவருடைய பாஸ்போர்ட் முதலிய ஆவணங்களை முதலாளி பிடித்து வைத்துக் கொள்ளலாகாது என்றும் தெளிவாகக் கூறுகிறது. இது முற்றிலும் நியாயமானது. ஆள் தேவைப்படுகிறவர் முதலாளி. ஆகவே ஆளைக் கொண்டு வரும் பத்திரங்களுக்கும், அவற்றைத் தயாரிக்கும் நிபுணருக்கும் விலை கொடுக்க வேண்டியவரும் அவரே. நம் நாட்டுச் சட்டம் அநுமதிக்கும் முப்பதாயிரம் ரூபாயும் ஒருநாள் பூஜ்யமாக வேண்டும் என்பது என் ஆசை.

இந்தத் தொழிலை ஒழுங்குபடுத்துவதில் சில நாடுகள் நமக்கு முன்னே போயிருக்கின்றன. ஆஸ்திரேலியா 1992 முதலே குடியேற்ற ஆலோசகர்களைப் பதிவு செய்து வருகிறது. பிரிட்டன் 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், நியூஸிலாந்து 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், தகுதியும் உரிமமும் இன்றி இந்த ஆலோசனை வழங்குவதைக் குற்றமாக்கின. கனடாவில் 2021 முதல் இதற்கென்றே சட்டப்படி அமைந்த ஒரு தொழில்முறைக் கழகம் உண்டு. உறுப்பினர் தவறு செய்தால் விசாரித்துத் தண்டிக்கும் அதிகாரம் அதற்கு இருக்கிறது. ஆகவே கனடாவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ குடியேற விரும்பி இங்குள்ள ஓர் ஆலோசனை நிலையத்தின் படியேறுபவர், அங்கே கையெழுத்துப் போடப் போகிறவர் யார், அவருடைய பதிவு எண் என்ன என்று கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. அந்த எண்ணை அந்தந்த நாட்டுப் பொதுப் பதிவேட்டில் நிமிஷத்தில் சரிபார்த்துவிடலாம். நம் முகவர்களின் பட்டியலும் வெளியுறவு அமைச்சகத்தின் ‘ஈ-மைக்ரேட்’ தளத்தில் அவ்விதமே பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கிறது. பணத்தைப் பெற்றுக் கொண்டு ‘விசா நிச்சயம்’ என்று வாக்களிப்பவரை விட்டு உடனே எழுந்து வந்துவிட வேண்டும். விசா கொடுப்பது அரசாங்கமே அன்றி ஆலோசகர் அல்லர்.

அமீரக அரசு செய்த ஒரு நற்காரியத்தை நம் மக்களில் பலர் இன்னும் அறியாமல் இருப்பது எனக்கு வருத்தம் தருகிறது. 2016 முதல், வேலை வாக்குறுதிக் கடிதத்தை அரபி, ஆங்கிலத்தோடு தொழிலாளி அறிந்த மொழியிலும் அளிக்க வேண்டும் என்று விதித்து, அதற்கென ஏற்படுத்திய 11 மொழிகளில் தமிழையும் சேர்த்தார்கள். தமிழில் எழுதிய அந்தக் காகிதத்தை நம் ஊரில், நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படி எவ்வளவு, வேலையின் பெயர் என்ன என்று நிதானமாகப் படித்த பிறகு கையெழுத்திடும் உரிமை இன்று நமக்கு உண்டு. படிக்கத் தெரியாதவருக்குப் படித்துச் சொல்வதே முகவரின் முதற்கடமை. இங்கே காட்டிய காகிதத்தில் இருந்த 1,500 திர்ஹம் அங்கே போனதும் 900 ஆகிவிட்டதென்றால், கையிலுள்ள அந்தப் பிரதிதான் அவருக்குச் சாட்சி. ஆதலால் ஒரு நகலை வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டும்.

வரும்போது வேண்டியிருக்கும் துணை திரும்பும்போதும் வேண்டியிருக்கிறது. வேலை முடிந்து விசாவைக் ‘கேன்சல்’ செய்யும் நாளில், தமக்குச் சேர வேண்டிய சகலமும் கிடைத்துவிட்டது என்ற வாசகத்தின் கீழே, பணம் கைக்கு வருமுன்னரே கையெழுத்து வாங்கப்பட்டவர்கள் பலர். ஓராண்டு முடித்தவருக்கு, முதல் ஐந்து ஆண்டுகளில் ஆண்டொன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளமும், அதற்கு மேற்பட்ட ஆண்டுகளுக்கு 30 நாள் அடிப்படைச் சம்பளமும் பணிக்கொடையாகச் சேரும்; அதையும் மற்ற பாக்கிகளையும் வேலை முடிந்த 14 நாட்களுக்குள் கொடுத்தாக வேண்டும். இந்தக் கணக்கை முன்னதாகவே ஒரு காகிதத்தில் போட்டுத் தொழிலாளியின் கையில் கொடுக்கும் காரியஸ்தரை நான் வணங்குவேன். கணக்கு ஒத்துவரவில்லையென்றால் அமீரகத் தொழிலாளர் அமைச்சகத்தில் புகார் செய்யலாம். 50,000 திர்ஹத்துக்கு மேற்படாத வழக்குகளை 2024 முதல் அமைச்சகமே விசாரித்துத் தீர்ப்பளிக்கிறது. புகார் முடியும் வரை ஊருக்கு டிக்கெட் எடுக்காமல் இருப்பது நல்லது.