கடலுக்கு முன் குளம்

ஸ்கூபா சிலிண்டரின் வாயில், மூச்சுவிடும் கருவியான ரெகுலேட்டர் பொருந்தும் இடத்தில் ஒரு சின்ன ரப்பர் வளையம் உண்டு. ஓ-ரிங் என்பார்கள். அதில் மயிரிழை வெடிப்பு விழுந்திருந்தால் கரையில் காதுக்கும் எட்டாது, கண்ணுக்கும் தெரியாது. இடுப்பளவுத் தண்ணீரில் முங்கி உட்கார்ந்துகொண்டு, கூட வந்தவரை முதுகுப்பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். கசிவு இருந்தால் கடுகு கடுகாகக் குமிழிகள் ஒரே இடத்திலிருந்து நூல் பிடித்தாற்போல் மேலேறும். கரையேறி வளையத்தை மாற்றினால் வேலை முடிந்தது. அதே கசிவு 18 மீட்டர் ஆழத்தில் பெரிதானால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

மாதக்கணக்கில் மூட்டை கட்டி வைத்த கருவிகளை எடுத்துக்கொண்டு நேரே கடலுக்குப் போகாமல், தெரிந்தவர் குளத்திலோ நீர் நிறைந்த பழைய கல்குவாரியிலோ முதலில் இறங்கிப் பார்ப்பது இதற்காகத்தான். இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் உள்ள ஸ்டோனி கோவ் அப்படிப்பட்ட தனியார் இடம். 1958இல் வேலை நின்றுபோன கருங்கல் குவாரி அது. ஊற்றுநீர் நிறைந்து, ஆழமான பகுதியில் ஏறத்தாழ 35 மீட்டர் இருக்கிறது. பயிற்சிக்கும் கருவிச் சோதனைக்கும் அங்கே ஆண்டு முழுதும் ஆட்கள் வருகிறார்கள்.

தண்ணீரில் இறங்கும் முன்பே ஒன்றைப் பார்த்துவிடலாம். பிரஷர் கேஜில் கண்ணை வைத்துக்கொண்டு நாலைந்து முறை இழுத்து மூச்சு விடுங்கள். முள் அசையாமல் நிற்க வேண்டும். ஒவ்வொரு மூச்சுக்கும் இறங்கி ஏறினால் வால்வு முழுசாகத் திறக்கவில்லை அல்லது ஃபில்டர் அடைத்திருக்கிறது. அடுத்தது, மிதக்க உதவும் காற்றுச் சட்டையின் இன்ஃப்ளேட்டர் பட்டன். போன முறை சரியாக அலசாமல் விட்டிருந்தால் உப்பு பூத்து, அழுத்திய பட்டன் திரும்பி வராது. சட்டை ஊதிக்கொண்டே போய் ஆளை மேலே தூக்கிவிடும். அப்போது சட்டைக்குக் காற்று வரும் ஹோஸைப் பிடுங்கிவிட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு அதைச் செய்யக் கை பழகும்வரை குளத்திலேயே செய்து பார்ப்பது நல்லது.

பலரும் தடுமாறுவது, அமிழ்வதற்காகக் கட்டிக்கொள்ளும் ஈயக் கட்டிகளின் கணக்கில். நல்ல தண்ணீரைவிடக் கடல்நீர் ஏறத்தாழ இரண்டரை சதவீதம் கனம். ஆளும் கருவியுமாகச் சேர்ந்து 100 கிலோ என்றால், குளத்தில் சரியாக இருந்த எடையோடு கடலில் இன்னும் இரண்டரைக் கிலோ தேவைப்படும். இன்னொன்றும் உண்டு: காற்றுக்கும் எடை இருக்கிறது. 11 லிட்டர் சிலிண்டர் 200 பாரிலிருந்து 50 பாருக்கு இறங்குவதற்குள் இரண்டு கிலோ காற்று வெளியே போய்விடும். ஆகவே எடையைச் சரிபார்ப்பது சிலிண்டர் காலியாகப் போகும் நேரத்தில், கடைசியில். சட்டைக் காற்றை விட்டுவிட்டு, சாதாரணமாக மூச்சை இழுத்து நிறுத்தினால் நீர்மட்டம் கண்ணளவில் நிற்க வேண்டும். வந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், குளம் என்றும் பக்கத்தில் எழுதி.

இனி குளத்தின் ஆபத்துகள். ஆழம் குறைவு என்ற தைரியம்தான் முதல் எதிரி. அழுத்தம் மிக வேகமாக மாறுவது மேல்மட்டத்தில்தான். முதல் 10 மீட்டருக்குள்ளேயே அது இரண்டு மடங்காகிவிடுகிறது. சிலிண்டர் காற்றை நிறைய இழுத்து, அடக்கிக்கொண்டு எழுந்தால், ஆள் உயரத் தண்ணீரிலேயே நுரையீரல் கிழியலாம். மேலே வரும்போது மூச்சை அடக்கவே கூடாது.

எனக்கு அதைவிட அச்சம் தருவது மதகும் வடிகால் குழாயும். மூன்று மீட்டர் ஆழத்தில் ஓர் அடி அகலக் குழாய் மறுமுனையில் திறந்திருந்தால், அதன் வாயை அடைத்துக்கொள்ளும் உடம்பை 200 கிலோவுக்கு மேற்பட்ட விசை அழுத்திப் பிடிக்கும். நாலு பேர் சேர்ந்து இழுத்தாலும் வராது. ஆகவே குளத்துக்காரரிடம் அனுமதி கேட்கும்போதே குழாய் எங்கே, மதகு மூடியிருக்கிறதா என்று கேட்டு, போய்ப் பார்த்துவிட்டு இறங்குங்கள். மோட்டார் ஓடும் கிணறோ குளமோ என்றால் ஃபியூஸைப் பிடுங்கிக் கரையில் நிற்பவர் கையில் கொடுங்கள். சுவிட்சை அணைத்தது போதாது.

அடியில் சேறு இருக்கும். நேராகக் காலை உதைத்தால் ஒரே நொடியில் டீ நிறத்துக்குக் கலங்கி, நீட்டிய கை தெரியாது. தவளை நீந்துவதுபோல் காலைப் பக்கவாட்டில் உதைத்து, தரையைவிட்டுச் சற்று மேலேயே இருங்கள். தூண்டில் நரம்பும் கொடியும் சிக்கும் என்பதால் சின்னக் கத்தி அவசியம்.

வெயில் காலத்தில் தேங்கிச் சூடேறிய குளத்தில் மாஸ்கைக் கழற்றிப் பழகாதீர்கள். மூளையைத் தாக்கும் அமீபா மூக்கு வழியாகத்தான் நுழைகிறது. அரிதான நோய்தான், ஆனால் 2024இல் கேரளத்தில் உயிர்களைக் கொண்டுபோனது. மாஸ்க் பயிற்சிக்குக் குளோரின் போட்ட நீச்சல் குளம் இருக்கிறது.

கரையேறியதும் சட்டைக்குள் புகுந்த குளத்துத் தண்ணீரை வடித்துவிட்டு, நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்துங்கள். ரெகுலேட்டரின் மூடியைத் துடைத்துப் போட்டுவிட்டு அலசுங்கள். திறந்தபடி அலசினால் தண்ணீர் உள்ளே போய்விடும்.